வயருக்கு வேறு பின்

"கரண்டுக்கு நம்ம வீடு எதுன்னு எப்பிடிம்மா தெரியும்?" என்று ரிஷி ஒருமுறை கேட்டான். பக்கத்துக் காம்பராவிலிருந்து பாக்கியலெட்சுமி சுவருக்கு மேலால் ஒரு வயரைத் தள்ளிவிட்டு, "புடி சந்திரா" என்று குரல் கொடுத்த மாலை அது. தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் சுவர் கூரையைத் தொடாது. மேலே தகரமும் விட்டமும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு வீட்டில் வெங்காயம் தாளித்தால் கடைசி வீடு வரை தும்மும். சந்திரகாந்தியின் பெயரில் மீட்டர் இல்லை. பாக்கியத்திடம் அவள் கரண்டு கேட்கவும் இல்லை. "புள்ள படிக்கணும்ல" என்ற ஒரு வார்த்தையோடு பாக்கியம் அந்தப் பேச்சையே முடித்துவிட்டாள். சந்திரகாந்தி மகனிடம், "நல்லவங்க காட்டிவிடுற பக்கம் வரும்டா" என்று சொல்லியிருந்தாள்.

அந்தப் பதில் எவ்வளவு தவறானது என்பது பதுளை பஜாரில் ஷாகிராவின் ஹார்ட்வெயார் கடையில் நின்றபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஸ்டேப்பிள் கன்னில் போடும் பின் வாங்க வந்திருந்தாள். கணவன் தங்கராஜா கொழும்பில் குஷன் தைக்கும் கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வந்தபோது பழைய கன் ஒன்றையும் ஒரு பெட்டி பின்னையும் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். தகரத்து ஓட்டைகள் வழியாக மழை படுக்கைமீது ஒழுகத் தொடங்கியதும், நேற்று சாயங்காலம் அந்தக் கன்னை எடுத்து விட்டத்துக்குக் கீழே பொலித்தீனை இழுத்துப் பிடித்து அடித்தாள். ஆணி அடிப்பதுபோல் இல்லை. ஒரு அழுத்து, ஒரு சத்தம், முடிந்தது. பாதிக் கூரையில் பொலித்தீனும் தீர்ந்தது, பின்னும் தீர்ந்தது. பொலித்தீனை முதலில் வாங்கிக்கொண்டு பின்னுக்காக இந்தக் கடைக்குள் நுழைந்திருந்தாள்.

ஷாகிரா மூன்று சிறு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள். "எதுக்கு அடிக்கப் போறீங்க? அதச் சொன்னாத்தான் குடுக்கலாம். பொலித்தீனுக்கு இந்தக் கட்டை போதும். பலகைக்குக் கால் நீளமானது. இது வயருக்கு."

மூன்றாவது பின்னைச் சந்திரகாந்தி கையில் எடுத்துப் பார்த்தாள். தலை தட்டையாக இல்லை, வில்லாக வளைந்திருந்தது. உள்பக்கம் பிளாஸ்டிக்.

"வயருக்கு வேற பின்னா?"

"வேறதான். தட்டைப் பின்ன வயருல அடிச்சா ரப்பர வெட்டி உள்ளுக்குப் போயிரும். பொறகு அந்தப் பின்னும் கரண்டு, அது தொடுற எல்லாமும் கரண்டு." ஷாகிரா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் தங்கச்சி, முகம் இப்பிடி ஆயிட்டுது?"

பொலித்தீனை அடித்துக்கொண்டு போனபோது, பாக்கியம் தந்த வயர் தொங்கிக்கொண்டு இடைஞ்சலாக இருந்தது. அதையும் விட்டத்தோடு சேர்த்து வரிசையாக அடித்திருந்தாள். சுவருக்கு மேலே, பாக்கியத்தின் கொடிக்கம்பி விட்டத்தில் சுற்றியிருந்த இடத்தில், பின் குறைவாக இருக்கிறதே என்று கம்பியையும் வயரையும் ஒரே பின்னுக்குள் அடக்கி அடித்தாள். அடித்துவிட்டு, கீழே இறங்கி நின்று, எவ்வளவு நேர்த்தி என்று தானே மெச்சிக்கொண்டதும் நினைவிருந்தது.

கொடிக்கம்பி இரும்பு. வெளியே மழை. பாக்கியம் இன்று துணி துவைப்பாள், ஈரத்துணியை உள்ளே அந்தக் கம்பியில்தான் போடுவாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் ரிஷியை அவளிடம்தான் விட்டு வந்திருக்கிறாள். வாங்குப் பலகையில் ஏறி அந்தக் கம்பியைப் பிடித்துத் தொங்குவது அவனுக்கு விளையாட்டு.

அவள் திக்கித் திக்கிச் சொன்னதைக் கேட்ட ஷாகிரா, "கரண்டு கசிஞ்சா தானா அணையிற டிரிப் சுவிட்ச் ஈக்கா?" என்றாள்.

"பெட்டி இருக்குக்கா. வேல செய்யாது."

பாக்கியத்தின் எண்ணை இரண்டு தடவை தவறாக அழுத்தினாள். மூன்றாவது முறை சரியாகப் போனது. தொலைபேசி அணைக்கப்பட்டுள்ளது என்று முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. பாக்கியம் ஒருநாளும் போனை அணைப்பவள் அல்ல. லயத்தில் வேறு யார் எண்ணும் சந்திரகாந்தியிடம் இல்லை.

ஷாகிரா உள்பக்கம் திரும்பிக் கணவனைக் கூப்பிட்டாள். ஹஸீப் வயரிங் வேலை செய்பவர், சோற்றுக் கையோடு வந்தார். மனைவி இரண்டு வரியில் சொன்னதைக் கேட்டுக் கையைக் கழுவினார். அதற்குள் ஷாகிரா கட்டைப் பின் பெட்டியைச் சந்திரகாந்தியின் பொலித்தீன் சுருளுக்குள் சொருகிவிட்டாள். ஹஸீப் வயரும் வளைந்த பின்னும் புது டிரிப் சுவிட்சும் ஒரு பையில் எடுத்து, டெஸ்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவின் சாவியை எடுத்தார்.

"பஸ்ஸ எதிர்பார்த்து நிக்க வேணாம். ஏறுங்க."

ஆட்டோ ஹாலிஎலவைத் தாண்டியது. மழை ஆட்டோவின் பக்கவாட்டுத் திரையை அடித்துக்கொண்டே இருந்தது. சந்திரகாந்தி முருகனைக் கூப்பிட்டாள், மாரியம்மாவைக் கூப்பிட்டாள். பிறகு பெயர்கள் எல்லாம் கலைந்து, "அவன் கை, அவன் கை" என்று மட்டும் வாய் முணுமுணுத்தது. மகனின் சின்னக் கை கம்பியை எட்டுவதைக் கண்ணுக்குள் நிறுத்தவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. எதிரே வரும் ஒவ்வொரு வாகனமும் செய்தி கொண்டுவருவதுபோல் இருந்தது. தெமோதரைப் பக்கம் திரும்பும்போது அம்புலன்ஸ் ஒன்று சத்தமில்லாமல் பதுளை நோக்கிப் போனது. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"அது சும்மா போகுது தங்கச்சி" என்றார் ஹஸீப். "உள்ளுக்கு நோயாளி ஈந்தா சத்தம் போடும். அல்லாஹ் காப்பாத்துவான், நீங்க துஆ செய்யுங்க. எனக்கு ரோட்டப் பாக்க வேணும், எனக்கும் சேத்துச் செய்யுங்க."

லயத்துக்கு ஆட்டோ போகாது. பங்களாப் பாதை முனையிலிருந்து தேயிலை நடுவே கற்படிகளில் ஓடினாள். ஒரு செருப்பு கழன்று விழுந்தது, எடுக்கவில்லை. லயத்தின் வாசலில் கூட்டம் இல்லை. அழுகைச் சத்தம் இல்லை. அதுவே அவளுக்கு மேலும் பயமாக இருந்தது. யாருமே இன்னும் பார்க்கவில்லையோ?

பாக்கியத்தின் காம்பரா இருட்டாக இருந்தது. அடுப்பு வெளிச்சத்தில், கால்களை நீட்டி உட்கார்ந்திருந்த பாக்கியத்தின் மடியில் ரிஷி ரொட்டி தின்றுகொண்டிருந்தான். ஈரத்துணிகள் அடுப்பைச் சுற்றி வாங்கிலும் கூடையிலும் விரிந்து கிடந்தன. கொடிக்கம்பி வெறுமையாகத் தொங்கியது.

சந்திரகாந்தி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாடி இது, பேயக் கண்ட மாதிரி வந்து விழுற? ஒத்தச் செருப்போட?"

"ஒங்க போனு..."

"சார்ஜு செத்துப் போச்சு. மெயின அணைச்சுட்டேன்ல. காலையில சேலையப் போட கொடியத் தொட்டேன், சுருக்குன்னு இழுத்துச்சு. நல்லவேள, கால்ல ரப்பர் செருப்பு. அதான் கரண்டயே வேணாம்னு வச்சுட்டு, இவனையும் புடிச்சு மடியில கட்டிப்போட்டேன். ஒன் மவன் கொரங்குக்குப் பொறந்தவன், நிக்கிறானா?"

"பாக்கியம்மா என்னைய ஒண்ணுக்குப் போகக்கூட விடலம்மா" என்றான் ரிஷி, வாய் நிறைய ரொட்டியோடு.

ஹஸீப் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். எல்லாரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, மெயினை ஒரு கணம் போட்டு, டெஸ்டரின் நுனியைக் கொடிக்கம்பியில் வைத்தார். அதன் வயிற்றில் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது. அவ்வளவு சிறியது. அவர் மெயினை அணைத்து, வாங்கின்மேல் ஏறி வேலையைத் தொடங்கினார்.

வாசலில் பாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பழைய வயருதான்டி இந்த வேலயப் பாத்திருக்கு. ஒன் புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒன்னையப் பாப்பேன்? நல்லது செய்யிறேன்னு கொள்ளியக் குடுத்துட்டேனே."

சந்திரகாந்தி உள்ளே பார்த்தாள். ஹஸீப் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். அவர் திரும்பவில்லை. அவள் பேசாமல் இருந்தால், பாக்கியம் இதைத் தன் பிழையாகவே சுமந்து திரிவாள். பேசினால், இன்றோடு அந்த வயர் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுபோகலாம். பரீட்சை வருகிறது, மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில்தான் இவன் படிக்க வேண்டிவரும். பயம் அவளை விட்டுப் போகவில்லை. வேறு உருவத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"வயரு பழசில்லக்கா" என்றாள். "நாந்தான். குஷன் தைக்கிற பின்ன வயருல அடிச்சேன். ஒங்க கொடியையும் சேத்து அடிச்சேன்."

பாக்கியம் கையை விட்டாள். உள்ளே எட்டி, வெறுமையாகத் தொங்கிய கொடிக்கம்பியைப் பார்த்தாள்.

"கொடிய எதுக்குடி அடிச்ச? அது ஒன்னைய என்னா பண்ணுச்சு?"

"தெரியாம..."

"தெரியாமத்தான். தெரிஞ்சா அடிப்ப?" பாக்கியம் மூக்கை முந்தானையில் துடைத்தாள். "ஒம் புருசன் வரட்டும். குஷன் தைக்கிறவன் பொண்டாட்டி என்னைய மெத்தையோட சேத்துத் தைக்கப் பாத்தாள்னு சொல்றேன். இப்பப் போயி அந்த நானாவுக்கு பிளேன்டீ ஊத்து. இஞ்சி தட்டிப் போடு."

வெட்டுப்பட்ட துண்டை நீக்கி, வேறு வயர் போட்டு, வளைந்த பின்களை அடித்து, டிரிப் சுவிட்சையும் மாற்றிவிட்டுத்தான் ஹஸீப் இறங்கினார். கொடிக்கம்பியை வயருக்கு எட்டாத தூரத்தில் கட்டினார். பல்ப் எரிந்தது. டெஸ்டர் எரியவில்லை. தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு, சந்திரகாந்தியின் செருப்பைப் படியில் பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பூசைக்குப் பாக்கியம் ரிஷியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். மிச்சக் கூரையை அடிக்கச் சந்திரகாந்தி வாங்கின்மேல் ஏறினாள். மெயினை அணைத்திருந்தாள், அணைத்ததை இரண்டு முறை போய்ப் பார்த்திருந்தாள்.

அந்த உயரத்தில் நின்றபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. பாக்கியத்தின் பாய் பாதி மடித்துச் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. தலை வைக்கும் இடத்தில் ஒரு அலுமினியச் சட்டி. தகரத்திலிருந்து ஒரு சொட்டு அதில் விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. இதைப் பற்றிப் பாக்கியம் வாயே திறந்ததில்லை.

சந்திரகாந்தி தன் பக்கத்துக் கூரையைப் பார்த்தாள். அடுப்படிக்கு மேலே இன்னும் ஒழுகியது. கையில் இருந்த பொலித்தீன் ஒரு பக்கத்துக்குத்தான் போதும்.

வாங்கைத் தூக்கிக்கொண்டு பாக்கியத்தின் காம்பராவுக்குள் போனாள். கட்டைப் பின்னைப் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் முதலில் விரலால் மரத்தைத் தடவி, வயர் இல்லை என்று தெரிந்த பிறகு அடித்தாள். பொலித்தீனைத் தாழ்வாரப் பக்கம் சரித்து முடித்ததும் இறங்கி, சட்டித் தண்ணீரை வெளியே ஊற்றினாள். பாயை விரிக்காமல் இருந்தபடியே விட்டாள்.

தூரத்தில் கோயில் மணி கேட்டது. மேலே ஒரு சொட்டு விழுந்து, பொலித்தீனின் மடிப்பில் மெல்ல உருண்டு, தயங்கி, தாழ்வாரத்தை நோக்கி ஓடியது.