கரிப் பங்குக்கு நூல் விலை

என் அக்கா முத்துமணியின் புருஷன் ஜோதிலிங்கத்தைப் போல அவசரப்படாத மனிதரை அருப்புக்கோட்டையில் பார்க்க முடியாது. ஒரு குடை வாங்க இரண்டு மழைக்காலம் யோசித்தவர். எங்கள் பக்கம் மழைக்காலம் ஒழுங்காக வருவதில்லை என்பதால் அதற்கு நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. அப்படிப்பட்டவர் எப்படி மோசம் போனார் என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். அவசரத்தில் மோசம் போகிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. பத்து வருஷத்தைத் திரும்பிப் பார்த்து, நிதானமாகக் கணக்குப் போட்டு மோசம் போனவர் எங்கள் பாவா ஒருவர்தான்.

பாவா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நெசவுக்காரத் தேவாங்கர்களான எங்கள் வீடுகளுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். எழுதும்போது எல்லாவற்றையும் தமிழாகவே எழுதிவிடுகிறேன். திட்டுவது எந்தப் பாஷையிலும் ஒன்றுதான்.

பாவாவுக்கு எட்டுத் தறி ஓடியது. நூல் வாங்கி, தறியில் ஏற்றும் நீள இழைகளாகப் பாவு போட்டு நெசவாளிகளுக்குக் கொடுத்து, சேலையாகத் திருப்பி வாங்கிக்கொள்வார். அவர் பெயரில் ஓடியது என்று சொல்வதுதான் சரி. யார் வீட்டில் எந்தத் தறி, யாருக்கு எப்போது பாவு தீரும் என்பதெல்லாம் அக்காவின் பொறுப்பு. அவள் பன்னிரண்டு வயதிலிருந்து அடுத்தவன் நூலில் கூலிக்கு நெய்தவள். கல்யாணமாகிச் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்த நூல் வாங்கிய அன்று, சௌடேஸ்வரி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "இனிமே செத்தாலும் கூலிப் பாவுல கை வைக்க மாட்டேன், வேங்கடபதி." அந்த வைராக்கியத்தில்தான் வீட்டின் பின்னறையில் நூற்றைம்பது கட்டு நூல் அடுக்கி வைத்திருந்தாள்.

எழுபத்து மூன்றாம் வருஷக் கடைசியில் எங்கோ அரபு தேசத்தில் எண்ணெய் விலையை ஏற்றினார்கள். அதற்கு அருப்புக்கோட்டையில் சீமெண்ணெய்க்கு வரிசை நின்றது. மதுரை, மெட்ராஸ் ஓட்டல்காரர்கள் எல்லாரும் கரி அடுப்புக்குத் திரும்பினார்கள். கரிக்கு எங்கே போவது? திருச்சுழிப் பக்கம்தான். மழை இல்லாத அந்தக் காட்டில் தானாக வளர்வது வேலிக்கருவை ஒன்றுதான். அதை வெட்டி, மண் மூடி, உள்ளே தீ வைத்து மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். அதற்கென்று பத்துப் பேர் கூட்டாக நடத்திய குண்டாற்றங்கரைக் கரி கம்பெனியில் ஒரு பங்குக்கு அந்த வருஷம் மூவாயிரம் ரூபாய் லாபம் வந்தது. பத்து வருஷத்துக்கு முன்பு முன்னூறு ரூபாய் வந்த பங்கு.

பங்குக்காரர்களில் ஒருவர் ஆண்டிச்சாமி. கம்பெனிக் கூட்டத்தில் தனக்கு டீ கடைசியாக, அதுவும் ஆறிப்போய் வந்தது என்று கோபித்துக்கொண்டு பங்கை விற்கக் கிளம்பினார். விலை பதினைந்தாயிரம். "அஞ்சே வருசத்துல போட்ட காசு திரும்பிரும்" என்று டவுனில் பல பேருக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

பாவா சிரித்தார். "ஒரு வருஷ லாபத்தைப் பார்த்து விலை சொல்றவன், தீபாவளி அன்னிக்கு ஒருத்தன் சட்டையைப் பார்த்துப் பொண்ணு குடுக்கிறவன் மாதிரி" என்றார். நல்ல பேச்சுத்தான். அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு அவருக்குச் சிலை வைக்கலாம்.

மதுரையில் பங்குத் தரகர் ஒருவர் அவருக்குப் பழக்கம். பழக்கம் என்றால், மூன்று தடவை பாவா காசில் காபி குடித்தவர். அவர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். நிலக்கரி, எண்ணெய், கரண்டு என்று எரிகிற தொழில்களில் லாபம் ஒரு வருஷம் ஆகாசத்துக்குப் போகும், மறு வருஷம் பாதாளத்துக்கு வரும். ஆகவே பத்து வருஷ லாபத்தை எடுக்க வேண்டும். பழைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல. அதனால் ஒவ்வொரு வருஷ லாபத்தையும் விலைவாசி ஏறியதற்குத் தக்கபடி இன்றைய ரூபாய்க்கு மாற்ற வேண்டும். பிறகு சராசரி. அந்தச் சராசரியைப் போலப் பத்து மடங்குக்குள் பங்கு கிடைத்தால் வாங்கலாம், மேலே போனால் எழுந்து வந்துவிட வேண்டும். இதில் ஒரு குற்றமும் இல்லை. இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

குற்றம் எங்கள் தெருவில் இருந்தது. எங்கள் ஆட்கள் எதையும் ரூபாயில் நினைப்பதில்லை. வீடு வாங்கினால் எத்தனை கட்டு நூல் விலை, பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் எத்தனை கட்டு செலவு என்றுதான் பேசுவார்கள். ரூபாய் கவர்மெண்டு அச்சடிக்கிற காகிதம், அதையும் அறுபத்தாறில் ஒரே ராத்திரியில் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள், நூல் அப்படியா?

"விலைவாசிக்குக் கவர்மெண்டே ஒரு புள்ளி போடுதாமே பாவா, அதை வச்சு மாத்த வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"அதுல பீடி விலையெல்லாம் சேர்த்திருக்கான். நான் பீடி குடிக்கிறேனா?" என்றார் பாவா. "நமக்கு விலைவாசின்னா நூல்தான்."

ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பத்து வருஷ லாபத்தையும் கேட்டார். ஆண்டிச்சாமிக்கு டீ சூடாக, முதலில் வந்தது. அறுபத்து நாலில் முன்னூறு ரூபாய். அப்போது நூல் கட்டு இருபது ரூபாய்; ஆக, பதினைந்து கட்டு. இன்றைக்குக் கட்டு நூறு ரூபாய். ஆக, அந்த முன்னூறு இன்றைய ஆயிரத்து ஐந்நூறு. இப்படியே பத்து வருஷமும் நடந்தது. சராசரி வருஷத்துக்கு இருபது கட்டு, அதாவது இரண்டாயிரம் ரூபாய். பத்து மடங்கு இருபதாயிரம். கேட்கிற விலையோ பதினைந்தாயிரம்.

பாவாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊரே ஒரு வருஷ லாபத்தைப் பார்த்து ஏமாந்து பதினைந்து கொடுக்கத் துடிக்கிறது. இவர் ஏமாறாமல் பத்து வருஷத்தைப் பார்த்து, இருபது கொடுக்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்.

இத்தனைக்கும் நூல் அந்த ஒரு வருஷத்தில்தான் நாற்பதிலிருந்து நூறுக்குத் தாவியிருந்தது. பஞ்சு இல்லை, மில்லுக்குக் கரண்டு வெட்டு, பதுக்கல் என்று ஆயிரம் காரணம். அந்த விலைக்கு நூல் வாங்க முடியாமல் பாதித் தெருவில் தறிச் சத்தம் நின்று போயிருந்தது. கரி லாபத்தின் பைத்தியத்தைப் பத்து வருஷம் போட்டு ஆற்றிவிட்டார், சரி. ஆற்றியதை அளந்த நூல் என்கிற படிக்கும் அதே வருஷம் பைத்தியம் பிடித்திருந்ததே, அதை ஏன் பார்க்கவில்லை? நான் சொன்னேன். சொன்னதற்கு, "நூல் இறங்குமா? நீயெல்லாம் தேவாங்கனா?" என்று என் குலத்தையே சந்தேகப்பட்டார்.

ஆண்டிச்சாமிக்கு இந்தக் கணக்கு தலைகால் புரியவில்லை; ஆனால் நூலின் மேல் பெரும் மரியாதை பிறந்துவிட்டது. "செட்டியாரே, அம்புட்டு ஒசத்தியா இந்த நூலு? அப்ப எனக்கு ரூவா எதுக்கு? நூலாவே குடுத்துருங்க, வாங்கிக்கிறேன்" என்றார். பதினைந்தாயிரம் ரூபாய் என்றால் நூற்றைம்பது கட்டு. பின்னறையில் சரியாக அவ்வளவுதான் இருந்தது.

அக்கா குறுக்கே வந்து நின்றாள். "அது எட்டுத் தறிக்கு உள்ள நூலு. அது போச்சுன்னா தறி நிக்கும். நான் மறுபடி கூலிக்குப் போகணும்."

"வருஷத்துக்கு இருபது கட்டு வந்துக்கிட்டே இருக்கும், முத்துமணி. தறியே இல்லாம நூல் வரும்."

"தறி இல்லாம நூல் வந்து என்ன செய்யிறது? தலையில கட்டிக்கிறதா?"

பாவாவின் கணக்கில் அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை. மறுநாள் வண்டி வந்து நூலை ஏற்றிப் போனது. அக்கா வாசலுக்கு வரவில்லை. உள்ளே இருந்து அழுதாள் என்று எனக்குத் தெரியும். பாவாவை அன்றைக்கு ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. அக்கா புருஷனாயிற்றே என்று மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கரியில் காசு என்று தெரிந்ததும் ராமநாதபுரம் ஜில்லா முழுக்க மூட்டம் போட்டார்கள். பஸ்ஸில் திருச்சுழிக்குப் போனால் வழியெல்லாம் புகை. இதற்குள் சீமெண்ணெயும் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பிக்க, மெட்ராசுக்குப் போன கரி லோடு விலை படியாமல் மழையில் நனைந்தது. அடுத்த சித்திரையில் பங்குக்கு அறுநூறு ரூபாய் வந்தது. அதே நேரம் பஞ்சு நன்றாக விளைந்து, பதுக்கியவர்களெல்லாம் பயந்து வெளியே தள்ள, நூல் கட்டு ஐம்பது ரூபாய்க்கு வந்தது.

ஐம்பது ரூபாய் நூல்! தெருவில் எல்லாத் தறிகளும் ஒன்றாக ஓடின. அப்படி ஒரு வருஷம் வர வேண்டும் என்றுதான் நெசவாளி வேண்டிக்கொள்வான். வந்தபோது பாவாவிடம் நூலும் இல்லை, நூல் வாங்கக் காசும் இல்லை. அவரிடம் இருந்தது கரிப் பங்கு. அதை ஆறாயிரத்துக்குக் கூட வாங்க ஆள் இல்லை. எட்டு நெசவாளிகளும் ஒவ்வொருவராக வேறு முதலாளியிடம் பாவு வாங்கப் போய்விட்டார்கள்.

ஆண்டிச்சாமியிடமாவது பங்கைத் திருப்பிக் கொடுத்து நூலை வாங்கலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆண்டிச்சாமி நூலை ஒரு கட்டுக் கூட விற்கவில்லை. இறங்காத சாமான் என்று செட்டியாரே சொன்ன பிறகு எதற்கு விற்பது? ஆனால் அவரிடம் இருந்த ஒரே கொட்டகை கரிக் கொட்டகை. அங்கே அடுக்கியிருந்த நூற்றைம்பது கட்டில் மேலே இருந்ததைத் தொட்டேன், கை கறுத்தது.

"நூலையே தாரேன் செட்டியாரே. ஆனா நானும் ஒங்களை மாதிரி கணக்குப் பாத்துட்டேன்" என்றார் ஆண்டிச்சாமி. "நூலைப் பத்து வருசத்துக்குக் கரி மூடையா மாத்திப் பாத்தேன். போன வருசம் கரி வித்த வெலைக்கு இந்த நூலு இருவத்தஞ்சாயிரத்துக்கு மேல பெறும். பங்கு போக மிச்சத்துக்கு என்ன குடுக்கீங்க?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். பாவாவும் கோபப்படாமல், "கரியை வச்சு எதையும் அளக்கக் கூடாது, ஆண்டிச்சாமி. அது ஏறும், இறங்கும்" என்று பொறுமையாக விளக்கினார். இரண்டு பேரும் உச்சி வெயிலில் உட்கார்ந்து, நூலா கரியா எது நிலையான அளவு என்று தர்க்கம் பண்ணினார்கள். பக்கத்தில் நூல் கறுத்துக்கொண்டிருந்தது. நான் பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். எனக்கு அப்போது ஆறு தறி. "ஒரு பாவு குடு" என்றாள்.

"எடுத்துக்கிட்டுப் போக்கா. காசைப் பிறகு பாத்துக்கலாம்."

"சும்மா வேண்டாம். கூலிக்குக் குடு. எல்லாருக்கும் என்ன கூலியோ அதே கூலி." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். தம்பிக்குக் கூலிக்காரியாக வந்து நிற்கிற அக்காவிடம் என்ன பேசுவது? கொடுத்தேன்.

அவள் ராத்திரி பகல் பாராமல் நெய்தாள். முதல் மாசக் கூலி நூறு ரூபாய். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா தறியில் இருந்தாள். பாவா அந்த நூறு ரூபாயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் வெகு நாளைக்கு அப்புறம் மலர்ந்தது.

"வேங்கடபதி, ஒண்ணு கவனிச்சியா? போன வருஷம் ஒரு நெசவாளிக்கு மாசம் நூறு ரூபா குடுத்தோம். அப்ப அது ஒரு கட்டு நூல். உங்கக்கா இப்ப வாங்கறதும் நூறுதான். ஆனா நூல் கணக்குல ரெண்டு கட்டு. நாம நொடிச்சுட்டோம்னு ஊர்ல பேசுறானுங்க. நம்ம வருமானம் ரெண்டு மடங்கு ஏறியிருக்கு!"

தறிச் சத்தம் நின்றது. அக்கா எழுந்து வந்து அவர் கையிலிருந்த ரூபாயை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"அரிசிக்காரன் ஒரு காசு இறக்கலை" என்றாள். "மத்தியானத்துக்கு என்ன செய்யட்டும்? ஒரு கட்டு நூலை அவிச்சுட்டு, இன்னொரு கட்டைத் தாளிக்கட்டுமா?"

பாவா என்ன சொல்வார் என்று அவள் காத்திருக்கவில்லை. திரும்பிப் போய்த் தறிக் குழியில் காலை இறக்கி, என் நூலில் நெய்ய ஆரம்பித்தாள்.