நீக்கப்பட்ட பதினேழாம் பேட்டி

1
இந்தக் கதை என் கற்பனையல்ல. மலேசியாவில், சிரம்பானில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையிலிருந்து கிடைத்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் துஷ்யந்தி, பல்கலைக்கழக விரிவுரையாளர், குடியேற்றம், எல்லை, குடியுரிமை பற்றி ஆராய்பவர். ரசம் வருவதற்குள் முழுக்கதையும் சொல்லிவிட்டார். எழுத எனக்குத்தான் எட்டு மாதம்.

முதல் தொடக்கம்: ‘பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், நாடற்ற பெண்மணி பஞ்சாலை கண்ணீர் மல்க…’

(அடித்துவிட்டேன். பஞ்சாலை அழவில்லை. மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.)

2
பஞ்சாலைக்கு வயது ஐம்பத்தொன்பது. அதே தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அதனால் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இல்லை; நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டைதான்.

துஷ்யந்தி கேள்வித்தாளைப் புரட்டினார். “எந்த நாட்டைச் சொந்தமா நினைக்கிறீங்க, அக்கா?”

“இதென்ன கேள்வி டீச்சர்? நான் எங்கயும் போகலயே லா. என் அட்டைதான் வெளிநாட்டுல இருக்கு.”

பதினாறு பேட்டிகளில் கிடைக்காத வாக்கியம். தம் நூலுக்கு அதுவே தலைப்பு என்று துஷ்யந்தி அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

பஞ்சாலை கத்தியைக் கீழே வைத்தார். “நீங்க கேட்டீங்க, சொன்னேன். இப்ப நான் கேக்கறேன். நீல அட்டைக்கு மனு போடப்போறேன். சாட்சிக் கையெழுத்து போடுவீங்களா?”

3
(கொஞ்சம் கட்டுரைத்தனம், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஆராயப்படுபவரின் வாழ்க்கையில் ஆய்வாளர் தலையிடக்கூடாது என்பது துஷ்யந்தியின் ஆய்வுக்குழு விதி. கையெழுத்துப் போட்டால் பேட்டி செல்லாது. தலைப்பும் போய்விடும்.

இந்த இடத்தில் அவரை மூன்று பக்கம் தவிக்கவிட்டிருந்தேன். வாசித்துக் காட்டியபோது சிரித்தார்.

“மூணு பக்கமா? பேனா தேடுன நேரம்தான்.” பிறகு சிரிப்பு குறைந்தது. “வீட்டுக்கு வந்து அந்தப் பேட்டியை அழிச்சப்பதான் வலிச்சது.”

4
குடியுரிமை அலுவலக நேர்காணலுக்குத் துஷ்யந்தியே காரில் அழைத்துப் போனார். வெளியே உட்கார்ந்து நகம் கடித்ததும் அவர்தான். உள்ளே, அதிகாரியின் கேள்விகளுக்கெல்லாம் நெகிரி மாநிலக் கிராமத்து மலாய் மொழியில் பதில் போயிருக்கிறது.

“‘நீங்க எந்தக் கம்போங், மக்சிக்?’னு கேட்டான் டீச்சர்!” என்றபடி வந்தார் பஞ்சாலை. (கம்போங் என்றால் கிராமம்; மக்சிக் என்றால் அத்தை.) “கடிதம் வருமாம்.”

அது சென்ற ஆண்டு.

5
‘தபால்காரரின் மோட்டார் சத்தம் கேட்டதும் பஞ்சாலை…’

எழுத்தாளன் நான், ஒரே வரியில் கடிதத்தை வரவழைத்துவிடலாம். அனுமதி கேட்டுப் பஞ்சாலைக்குப் போன் செய்தேன்.

“வேணாம் தம்பி. கதையில வந்துட்டா, படிக்கிறவங்க ‘அப்பாடா’ன்னு மூடி வச்சிருவாங்க. எனக்கு இன்னும் வரல லா.”

ஆகவே அந்த வாக்கியம் மேலே பாதியிலேயே நிற்கிறது. நீங்களும் கொஞ்சம் நின்று போங்கள்.