மெஷினுக்கு வழி

உதவி செய்வதில் இருக்கிற நஷ்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செய்கிறேன் என்று சொன்ன பிறகு, எதுக்குச் செய்யற, எதுக்குச் செய்யற என்று ஊரே வரிசையில் வந்து கேட்கும் பாருங்கள், அதைத்தான் இளவரசியால் பொறுக்க முடியவில்லை. திருடினவளைக்கூட இத்தனை பேர் விசாரித்திருக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் தார்ரோட்டை ஒட்டி இளவரசிக்கு முக்கால் ஏக்கர் நெல். அதற்குப் பின்னால், ரோட்டைத் தொடாமல், விருத்தாசலத்தின் ஒன்றேகால் ஏக்கர். அவர் இவள் மாமனாருக்குப் பங்காளி, அந்த வகையில் இவளுக்கு மாமா. அவர் நெல் முற்றிப் பழுத்து, கதிரெல்லாம் தலை கவிழ்ந்து நின்றது. இவள் நெல் இப்போதுதான் பால் பிடிக்கிறது, இன்னும் இருபது நாளாவது ஆகும். கடலில் புயல் கிளம்பியிருக்கிறது, நாளை ராத்திரி கரையேறும் என்று டிவிக்காரர்கள் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அறுப்பு மெஷின் ஒன்றே ஒன்றுதான் அந்த வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அது விருத்தாசலத்தின் வயலுக்குள் போக வேண்டுமென்றால் இளவரசியின் பச்சை நெல்லை அறுத்துக்கொண்டுதான் போக வேண்டும். வேறு வழி கிடையாது.

போன வருஷம் வரைக்கும் வடக்குப் பக்கத்தில் வேர்க்கடலை போடுகிற மல்லாட்டைக் கொல்லை வழியாகத்தான் மெஷின் போனது. அந்தக் கொல்லை இப்போது பிளாட். ஏதோ ஒரு நகர் என்று வளைவு வைத்து, சுற்றிலும் கல் நட்டு, முள்கம்பி இழுத்துவிட்டார்கள். கிழக்கே ஏரி வாய்க்கால். தெற்கே ஆள் உயரக் கரும்பு. மிச்சம் இருப்பது இளவரசி.

சரி, வழி விட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பால் பிடிக்கிற நெல்லை அறுத்தால் அது நெல் இல்லை, மாட்டுத் தீனி. அந்தப் பச்சை நெல்லில் ஒவ்வொரு கதிரும் இளவரசிக்கு உயிர். அவள் புருஷன் செல்வகுமார் சென்னையில் கார் ஓட்டுகிறான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நீயும் கிளம்பி வா என்று நாலு வருஷமாக ஒரே பாட்டு. இவள் மல்லுக்கட்டி, சண்டை போட்டு, பேசாமல் இருந்து, ஒரு போகத்துக்கு மட்டும் தவணை வாங்கியிருந்தாள். கையில் நெல் வந்தால் அவள் இஷ்டம். வராவிட்டால் பொங்கலுக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, சட்டி பானையைக் கட்டிக்கொண்டு, மாடியில் ஒற்றை அறை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். குத்தகைக்கு நாயாக அலைந்துகொண்டிருந்தது யார் என்கிறீர்கள்? அதே விருத்தாசலம்தான். விருத்தாசலத்தை விட்டால் செல்வகுமாருக்கு வேறு ஆள் கிடையாது, செல்வகுமாரை விட்டால் விருத்தாசலத்துக்கு ரோடு கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. இளவரசியின் நெல் பிந்தினதே அந்த மனுஷனால்தான். ஆவணியில் இவள் மோட்டாரில் காயில் எரிந்துபோனது. பத்து நாள் நாற்றுக்கு மட்டும் உங்கள் போரிலிருந்து தண்ணீர் விடுங்கள் மாமா என்று வாசலில் போய் நின்றாள். என் மோட்டாருக்கே வயசாகிவிட்டது, அது தாங்காது என்று சொல்லிவிட்டு, அவள் படி இறங்குவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்.

இப்படிப்பட்ட ஆள் வந்து வழி கேட்டிருந்தால் இளவரசி நிம்மதியாக முடியாது என்று சொல்லியிருப்பாள். மூன்று மாதமாக அதற்காகவே நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தாள். பாழாய்ப்போன மனுஷன் கேட்கவே இல்லை. காலையில் இவள் வயலுக்குப் போனபோது, சின்னபொண்ணுவையும் இன்னும் இரண்டு கூலி ஆட்களையும் கூட்டி வைத்துக்கொண்டு, தானும் குனிந்து கருக்கரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயசு. நாலு தாள் அறுப்பது, நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வது, வானத்தைப் பார்ப்பது. அந்த வேகத்தில் போனால் கால்வாசி முடிவதற்குள் புயல் வந்து, போய், அடுத்த புயலும் வந்துவிடும். இவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவள் வயலைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இறங்கவில்லை. நமக்கென்ன வந்தது என்று இரண்டு வாய் உள்ளே தள்ளினாள். தண்ணீர் குடித்தாள். கண்ணுக்குள் அந்தப் பழுத்த நெல் நின்றது. பயிர் வைத்தவளுக்கு அது யார் நெல் என்று பார்க்கத் தெரியவில்லை, அதுதான் கோளாறு. ச்சை, நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன விடுகிறார்களா என்று தட்டைத் தள்ளிவிட்டு, மெஷின் புரோக்கர் வேங்கடேசனுக்குப் போன் போட்டாள். மெஷினை மாமா வயலுக்கு அனுப்பு, என் வயல் வழியாகவே போகட்டும் என்றாள்.

உடம்பு கிடம்பு சரியில்லையா அக்கா என்று கேட்டான் வேங்கடேசன். மாட்டுக்குப் பச்சைத் தீவனம் வேண்டியிருக்கிறது, அதுதான் என்றாள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு கறவை மாடு. அது பதினைந்து நாள் தின்றாலும் தீராது என்பது வேங்கடேசனுக்குத் தெரியாதா என்ன.

அடுத்தது சின்னபொண்ணு. அரிவாளும் கையுமாக வரப்பில் ஓடி வந்து, நிஜமா, எதுக்கு என்றாள். அந்த ஓரத்தில் பூச்சி விழுந்துவிட்டது, எப்படியும் அறுக்கத்தான் வேண்டும் என்று இவள் வாய் கூசாமல் இன்னொரு பொய் சொன்னாள். நேற்றுத்தான் அந்த ஓரத்தில் களை பிடுங்கிய சின்னபொண்ணு பூச்சியைத் தேடி வரப்பில் குனிந்து பார்த்தாள். அதற்குள் செய்தி சென்னைக்குப் போய்விட்டது. செல்வகுமார் போனில் வந்து, உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா, உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாயா என்று ஆரம்பித்தான். டவர் சரியாக இல்லை, அப்புறம் பேசு என்று வைத்துவிட்டாள். நாலு கோடு முழுசாக இருந்தது.

இவர்களையெல்லாம் விடுங்கள். விருத்தாசலம் என்ன செய்தார் தெரியுமா? மெஷின் ரோட்டில் வந்து உறுமிக்கொண்டு நிற்கிறது. கிழக்கே வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. இந்த மனுஷன் வரப்பில் குறுக்கே நின்றுகொண்டு வேண்டாம் என்கிறார்.

"எதுக்கு வுடற, அத சொல்லு மொதல்ல."

"நெல்ல அறுங்க மாமா, அப்புறம் சொல்றேன்."

"அதான் பேஜாரே. இன்னிக்கு வழி வுட்டுட்டு நாளைக்கு எங்க நெலத்து வழியா பைப்பு வலிக்கணும்ப. போர்ல பங்கு கேப்ப. எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாமா என்று இருந்தது. போயிருக்க வேண்டும். போகாமல், எனக்கு ஒன்றும் வேண்டாம், பைப்பும் வேண்டாம், போரும் வேண்டாம் என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்தாள். சத்தியமெல்லாம் அவருக்குப் போதாதாம். மடியிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். வரும்போதே கொண்டுவந்திருக்கிறார்! பேனாவும் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, முழங்காலில் வைத்து, அவள் எழுதினாள். என் சொந்த இஷ்டப்படி, யார் வற்புறுத்தலும் இல்லாமல், என் வயல் வழியாக மெஷின் போகச் சம்மதிக்கிறேன், இதற்குப் பதிலாக எந்தக் காலத்திலும் எந்தப் பாத்தியதையும் கேட்க மாட்டேன். கையெழுத்துப் போட்டாள். சாட்சி வேண்டும் என்றார். சின்னபொண்ணு கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது சாட்சி என்றார். வேங்கடேசன் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். மெஷின் டிரைவர் இந்தக் கூத்தை மேலிருந்து பார்த்துவிட்டு, ஜல்தியா முடிங்க, மழை வருது என்றான்.

மெஷின் இறங்கியது. இளவரசி பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் பார்த்தாள். மெஷின் வாயைத் திறந்துகொண்டு போன இடமெல்லாம் பச்சைக் கதிர் நசுங்கி, பால் வாசனை காற்றில் வந்தது. மெஷின் அகலத்துக்கு ஒரு பட்டைதான் போகும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் தொட்டி நிறைந்தபோதெல்லாம் ரோட்டில் நின்ற டிராக்டரில் நெல்லைக் கொட்ட மெஷின் திரும்பத் திரும்ப அதே வழியில் வந்தது. மூன்றாவது நடையில் தூறல் பிடித்தது. சேற்றில் செயின் வழுக்கியது, டிரைவர் ஒதுங்கிப் புதுப் பட்டை போட்டான். அடுத்த நடைக்கு இன்னொன்று. மெஷின் கிளம்பிப் போனபோது அவள் வயலில் கால்வாசி இல்லை. விருத்தாசலம் மூட்டைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். நன்றி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, வரவும் இல்லை. அப்போதும் தன் புத்தியைத்தான் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ராத்திரி பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. திண்டிவனம் ரோட்டில் பஸ் நின்றுபோனது. மூன்றாம் நாள் அவள் வயலுக்குப் போனபோது வயல் இல்லை. முழங்கால் தண்ணீர். மிச்சம் இருந்த முக்கால்வாசியும் அடியோடு படுத்து, தண்ணீருக்குள் கிடந்தது. கையை விட்டு ஒரு கதிரைத் தூக்கினாள். கொழகொழவென்று வந்தது. அழுகை வரவில்லை. ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் முன்னால் எப்படி அழுவது.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது ஆறுதல். எப்படியும் போயிருக்கும் என்றான் வேங்கடேசன். மெஷின் போகாவிட்டாலும் எப்படியும் போயிருக்கும், விடு என்றாள் சின்னபொண்ணு. பால் ஊற்ற வந்தவர்கள் சொன்னார்கள், ரேஷன் கடையில் சொன்னார்கள். போனில் செல்வகுமாரும் அதையேதான் சொன்னான். அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் கிடையாது. அந்தப் பச்சை நெல்லைக் கொடுக்காவிட்டாலும் மழை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கும். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்தபோது எதுக்குக் கொடுத்தாய் என்று குடைந்தவர்கள், இப்போது நீ கொடுக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நெல்லும் போய், கொடுத்ததும் போய், அவள் வெறுங்கையோடு நின்றாள்.

செல்வகுமார் அத்தோடு விடவில்லை. பேச்சு பேச்சுதான், உன் மாமாவுக்குப் போன் பண்ணி நிலத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லப்போகிறேன், பொங்கலுக்கு லோடு வண்டி பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றான். இவள் சரி என்றாள். வேறென்ன சொல்வது, பேச்சு பேச்சுதானே.

ஐந்தாம் நாள் மடை வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். விருத்தாசலம் வரப்பில் வந்து நின்றார். நிலத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று அவள் நிமிரவே இல்லை.

"செல்வகுமாரு போன் பண்ணான்" என்றார்.

"தெரியும். எப்பலேர்ந்து எடுத்துக்கறீங்க?"

"வேணாம்னுட்டேன்."

இளவரசி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். நாலு வருஷமாக இந்த நிலத்துக்காக அவர் ஏறாத படி இல்லை. கையில் வந்தால் இரண்டும் ஒரே வயல், ரோடு அவருடையது, மெஷினுக்காக இனி எவளிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

"ரோட்டு மேல நெலம் மாமா. தானா வர்றத போயி எதுக்கு வேணாம்னீங்க?"

அவருக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எப்பிடியும் போயிருக்கும், எப்பிடியும் போயிருக்கும்னு ஊர் பூரா பேசிக்கினு திரியுதுங்க. மெஷின உள்ள வுட்டியே, அன்னிக்கு உனுக்குத் தெரியுமா எல்லாம் போயிடும்னு?"

"தெரியாது."

"பொழச்சிக்கும்னுதான நெனச்சிக்கினு இருந்த?"

"ஆமா."

"அப்புறம் இன்னா. வேலயப் பாரு."

போய்விட்டார். வழுக்குகிற வரப்பில் அவர் தடுமாறித் தடுமாறிப் போவதைப் பார்த்தபடியே இளவரசி சேற்றில் உட்கார்ந்தாள். அத்தனை நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. யாரும் இல்லை, அதனால் சத்தம் போட்டே அழுதாள்.

போன் அடித்தது. செல்வகுமார்தான். கேட்டுக் கேட்டு அலைந்த ஆள் இப்போது வேண்டாம் என்கிறார், இதில் என்னமோ இருக்கிறது, நம்மிடம் வேறு எதையோ எதிர்பார்க்கிறார் என்றான். இவ்வளவு நல்ல நிலத்தை எதற்காக வேண்டாம் என்கிறாராம் என்று கேட்டான்.

இளவரசி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சும்மாதான்" என்றாள். "அடுத்த போகம், நவரைக்கு வெத நெல்லு வேணும். வர்றப்ப திண்டிவனத்துல எறங்கி வாங்கிக்கினு வாங்க."