சம்பந்தி ஏறிய பாய்மரப் படகு

1

கடற்கரைச் சிறப்பிதழுக்கு ஒரு கதை கேட்டார்கள். நான் இருப்பது காந்திபுரத்தில், டவுன் பஸ் ஹாரன் காதைக் கிழிக்கும் தூரத்தில். கடலை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதில் ஒருமுறை செருப்பைத் தொலைத்தேன். இருந்தாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம் அது. இந்தக் கதையின் வில்லனும் அதுதான்.

முதல் தொடக்கம்: வளைகுடாவில் அலைகள் ஆர்ப்பரித்து

(விட்டுவிட்டேன். வளைகுடாவில் அலை ஆர்ப்பரிக்குமா என்று கேட்க எனக்கு ஆளில்லை.)

2

கடலுக்கு நான் போக முடியாததால் படகை இங்கே வரவழைத்தேன். காளிச்சாமி பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் கம்பெனி வைத்திருப்பவர். தூத்துக்குடி உப்பளத்துக்கு மோட்டார் விற்கப் போன இடத்தில், வளைகுடாவில் பாய்மரப் படகு விடுகிறவர்களைப் பார்த்து மயங்கி, ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தொண்ணூறுகளில் மழை ஏமாற்றாத ஒரு வருஷம். ஊர்க் குளம் நிரம்பியிருந்தது. கரையில் 'செயிலிங் கிளப்' என்று போர்டு வைத்தார்.* உறுப்பினர்கள் போர்டு நிழலில் சீட்டாடினார்கள். படகு ஓட்டக் கற்றுக்கொண்டது அவர் மகள் சுகந்தி மட்டும்தான்.

* போர்டில் பெரிய எழுத்தில் இருந்தது பம்ப்செட் விளம்பரம்.

3

சுகந்திக்குக் கருமத்தம்பட்டியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையனை அவளுக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. (பையனுக்குப் பெயர் வைக்கவில்லை. கதையில் அவனுக்கு வேலையில்லை.) பையனின் அப்பா சென்னியப்பன், தறி ஓட்டுகிறவர், முடிவு சொல்ல வந்தார். விருந்துக்கு முன்னால் பெருமைக்கு ஒரு சுற்று என்று காளிச்சாமி அவரைப் படகில் ஏற்றினார். சுகந்தி சுக்கான் பிடித்தாள்.

பாயின் அடியில் ஒரு நீளக் கட்டை உண்டு. காற்று திரும்பினால் அது படகின் குறுக்கே ஒரே வீச்சாக வரும். தலையைக் குனிய வேண்டும். கடற்கரையில் அதற்கு ஒரு கத்தல் போதும். எங்கள் ஊரில் சம்பந்தியைப் பார்த்துக் கத்த முடியுமா?

காற்று திரும்பியது. காளிச்சாமி தொடங்கினார்.

"ஏனுங்க சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க, ஒங்களுக்குத் தெரியாததில்லீங்க, சித்தே அந்தத் தலைய—"

4

முடிவு அ: அவர் சொல்லி முடிப்பதற்குள் கட்டை வந்துவிடுகிறது. தண்ணீருக்குள்ளிருந்து சென்னியப்பன், "பரவாயில்லீங்க, நீங்க சொல்ல வந்ததச் சொல்லுங்க" என்கிறார். மறுநாள், ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் வருகிறது.

(எழுதும்போது சிரித்தேன். பிறகு சுகந்தியை நினைத்தேன். பாவமாக இருந்தது. அந்த முடிவை அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அப்பா பேசி முடிக்கும்வரை சுகந்தி காத்திருக்கவில்லை. எட்டி, மாமனாராகப் போகிறவரின் தலையில் கையை வைத்து ஒரே அமுக்கு. கட்டை தலைக்கு மேலே போயிற்று. தலை தப்பியது, வெயிலுக்குக் கட்டியிருந்த தலைத்துண்டு குளத்தில் மிதந்தது.

"அட அம்மணி! பெரியவங்க தலைலயா கைய வெப்பாங்க?" என்று காளிச்சாமி அலறினார். இதைச் சொல்ல மட்டும் அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

5

இனி விருந்து. எங்கள் பக்கம் பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. பிடிக்காதவர் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார். சென்னியப்பன் வந்து உட்கார்ந்தார். இலை போட்டாயிற்று. தலையை அமுக்கிய அதே கையால் சுகந்தி பருப்பு ஊற்றுகிறாள்.

அவர் சாப்பிட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. நான் அப்படி எழுதினால், அவள் மேல் உள்ள பாசத்தில் எழுதிவிட்டேன் என்பீர்கள். அதனால் சென்னியப்பனை எழுப்பிவிட்டு, அந்த இலைக்கு முன்னால் உங்களை உட்கார வைக்கிறேன். துண்டு போய்விட்டது. தலை இருக்கிறது, தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகந்தி குனிந்து கேட்கிறாள்.

"நெய் ஊத்தட்டுங்களா, மாமா?"