பழைய பனியைத் தின்றவர்கள்

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு கோடையில், பனிக்கட்டி அறுப்பவருக்கு உடம்பெல்லாம் இரண்டு விரல் கனத்துக்கு முடியோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குளிப்பாட்டிய நர்ஸ் துவட்டித் துவட்டிக் கை ஓய்ந்துபோய், ஹேர் டிரையர் கிடைக்குமா என்று கேட்டாள். தப்பு தன்னுடையதுதான் என்று அறுப்பவருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு, பூமியின் கோடியில் துளைபோட்டு எடுத்த பனி நீள நீளத் தூண்களாக வரும். மனிதன் மனிதனாகாத காலத்தில் பெய்த பனி. குளிர் அறையில் ரம்பம் வைத்து அதை வில்லை வில்லையாக அறுப்பது அவர் வேலை. மிஞ்சும் சில்லுகளை அங்கே யாரும் கொட்டுவதில்லை. சாயங்காலம் ஜூஸில் போட்டுக் குடிப்பார்கள். கட்டிக்குள் அடைபட்ட பழைய காற்று பட் பட்டென்று வெடிக்கும். "யானை முடி வளர்த்த காலத்துக் காத்துடா, நல்லா இழுத்துக்கோ" என்று ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வார்கள். நாள் முழுக்க அதையே பார்த்துச் சலித்த அறுப்பவர் மட்டும் வாயில் வைத்ததில்லை. ஆனால் மாசமாக இருந்த மனைவி சூடு தாங்காமல் ஐஸ் ஐஸ் என்று ஏங்கியபோது, தினமும் ஃபிளாஸ்கில் அள்ளிப்போய்க் கொடுத்தார். முதலில் உலகமே உறைந்துகிடந்த காலத்துச் சில்லுகள். கடைசி மாதங்களில், மழை பொய்த்துக் காடெல்லாம் புல்லாய்ப்போன காலத்துச் சில்லுகள். அவள் எல்லாவற்றையும் நறநறவென்று கடித்துத் தின்றாள்.

குழந்தைக்குத் தெருவே கம்பளி என்று பேர் வைத்தது. வெயில் ஏறினால் அவளுக்கு மூச்சு இரைக்கும், கண் செருகும். குளிர் அறைக்குத் தூக்கிப்போனால்தான் தூங்குவாள். "ஏங்க, பிள்ளையை ஐஸ் பெட்டியில வச்சு எத்தனை நாளைக்குத்தாங்க காப்பாத்துறது?" என்று மனைவி அழுதாள். ஆய்வுக்கூடத் தலைவி கம்பளியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க. இவ மாறிடுவா. காலம் மாறுறப்போ மாறினதுதான் பிழைச்சிருக்கு. மாறாததோட எலும்புதான் நம்ம கைக்குக் கிடைக்குது" என்றாள். அறுப்பவர் அதை ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் போகும் வயதில் முடி மொத்தமும் உதிர்ந்தது. அறுப்பவர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கூட்டி அள்ளித் தலையணை தைத்தார். ஆனால் மாற்றம் அதோடு நிற்கவில்லை. கம்பளிக்குக் கால்கள் நீண்டுகொண்டே போயின. நடு வெயிலில் ஓடினாலும் களைப்பு வரவில்லை. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருப்பவள் எழுந்துபோய் ஜன்னல் வழியே தூரத்தையே பார்ப்பாள். மனைவிக்கும் புடவை கணுக்காலுக்கு மேலே ஏறத் தொடங்கியது. ஒருநாள் கம்பளி, "இங்க தண்ணி தீர்ந்துடும்ப்பா. போகணும்" என்றாள். மனைவி அதற்குள் செருப்பு மாட்டியிருந்தாள்.

கதவைப் பூட்டிவிட்டு அறுப்பவர் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார், தானும் ஒரு சில்லாவது தின்றுவிடலாம் என்று. அந்தக் கோடையைத் தாங்காமல் குளிர் இயந்திரம் படுத்துவிட்டிருந்தது. அத்தனை காலமும் தண்ணீராகிச் சாக்கடையில் போய்விட்டது. தலைவி வெறும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து அவரே பூட்டைத் திறந்துவிட்டார். "அன்னைக்கே ஒரு துண்டு வாயில போட்டிருக்கலாம்லங்க" என்று மனைவி அவர் கன்னத்தைத் தொட்டாள். தாயும் மகளும் ஓட்டமும் நடையுமாகக் கிளம்ப, தெருநாய்கள் மூக்கைத் தூக்கி மோந்துவிட்டுப் பின்னால் போயின. அறுப்பவர் பாலம் வரை கூடவே ஓடினார். அதற்குமேல் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓவென்று அழுதார். கம்பளி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த வாரமே குழாய்கள் வறண்டன. தெருவில் யாருக்கும் அது அதிசயமாகப் படவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளும் ஒவ்வொன்றாகக் காலியாயின. அறுப்பவர் மட்டும் பழைய உடம்போடு அங்கேயே இருந்தார். பின்னால் வந்து தோண்டுகிறவர்களுக்குச் சிரமம் வைக்கக்கூடாது என்று, மகளின் முடித் தலையணையை நெஞ்சோடு அணைத்து, கைகால் மடக்காமல் நேராகப் படுத்துப் பழகிக்கொண்டார்.