நாலு நாள் மழைப் பேச்சு

ஓட்டு எண்ணி முடித்த வெள்ளிக்கிழமை காலையில் என் கணவர் கிளைவ் கேட்ட முதல் கேள்வி, "லோயிக் வருவானா?" என்பதுதான்.

ரேடியோவில் அப்போதுதான் முடிவைச் சொல்லி முடித்திருந்தார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுகிறது. விலக வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர் கிளைவ். ஒரு மாதமாக எங்கள் வீட்டு ஜன்னலில் நோட்டீஸ் ஒட்டி ஊருக்கே அதை அறிவித்தவரும் அவர்தான். நான் இருக்க வேண்டும் என்று போட்டேன். அது அவருக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இப்போது பார்த்தால், தோற்ற நான் முட்டை பொரித்துக்கொண்டிருக்கிறேன், ஜெயித்தவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன் வராம? டிக்கெட் எல்லாம் எடுத்தாச்சே" என்றேன். எனக்கும் அவ்வளவு நிச்சயமில்லை.

பிரான்சில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். அதுவும் எங்கள் ஊரும் ஜோடி ஊர்கள். ஊர் எல்லைப் பலகையில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். ஈஸ்டருக்கு நாங்கள் அங்கே போவோம், ஜூலையில் அவர்கள் கப்பலேறி, பஸ் பிடித்து இங்கே வருவார்கள். யார் யார் வீட்டில் தங்குவது என்பது வருஷா வருஷம் மாறாது. எங்கள் வீட்டுப் பின்னறை லோயிக்குடையது. அவர் காலிஃபிளவர் விவசாயி. எங்கள் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்து அந்தக் கட்டிலில் அவர்தான் குறட்டை விடுகிறார்.

கிளைவ் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறக்கவே கூலி கேட்பார். லோயிக் வந்தால் மட்டும் மடை திறந்துவிடும். இருவரும் விடியற்காலையில் படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போவார்கள். மூக்கு சிவக்க, வெறுங்கையோடு, சிரித்துக்கொண்டே திரும்புவார்கள். தம்பி செத்துப்போன பிறகு கிளைவுக்குச் சிநேகிதன் என்று இருப்பது அந்த ஒருவர்தான். அதனால்தான் அன்று காலை அந்தக் கேள்வி.

திங்கட்கிழமை சாயங்காலம் சர்ச் ஹாலில் ஜோடி ஊர்க் கமிட்டி கூடியது. பிரெஞ்சு டீச்சராக இருந்த ரோஸ்மேரி கைக்குட்டையோடு வந்திருந்தாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்களுக்குக் கதவத் திறக்கறது?"

"இருக்கற மூஞ்சியோடதான்" என்றான் கறிக்கடை நைஜல். "நாம விலகினது பிரஸ்ஸெல்ஸ்ல இருக்கற ஒன்றியத்து ஆபீஸ விட்டு. பிரெஞ்சுக்காரன விட்டா விலகினோம்? என் சாசேஜ ரசிச்சு சாப்பிடறதே அவங்கதான்."

"இனிமே உன் சாசேஜ் திங்க விசா வாங்கிட்டு வரட்டும்! பூத்துல வெச்சிருக்கற பென்சில்ல போட்டா அழிச்சுடுவாங்கன்னு பேனாவோட ஓட்டுப் போடப் போன ஆளுதானே நீ?" என்றாள் ரோஸ்மேரி.

"முன்ஜாக்கிரதைம்மா அது."

தலைவி ஆட்ரி கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். "போதும். வீட்டுக்கு விருந்தாளி வராங்க. அவங்க இருக்கற நாலு நாளும் இந்த ஓட்டப் பத்தி யாரும் மூச்சு விடக் கூடாது. அவங்களே கேட்டாலும் பேச்ச மாத்திடுங்க. அதான் மரியாதை."

எல்லாக் கையும் உயர்ந்தது. மாதக்கணக்கில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தவர்கள், பேசாமல் இருப்பது என்றதும் ஒன்றாகிவிட்டார்கள். நானும் கையைத் தூக்கினேன். அப்புறம் எல்லோரும் பிஸ்கட் சாப்பிட்டோம்.

லோயிக் வந்தார். ஒரு கூடை காலிஃபிளவரோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, எனக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், கிளைவுக்கும் இரண்டு கன்னத்திலும் முத்தம். கிளைவ் வழக்கம்போலப் பல் டாக்டரிடம் மாட்டிக்கொண்டவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் லோயிக் ஒயினை ஊற்றிக்கொண்டே சிரித்தார்.

"சரி, சொல்லு. என்னதான்டா பண்ணி வெச்சிருக்கீங்க?"

கிளைவ் தட்டைப் பார்த்தார். "நாளைக்கு மழை வரும் போல."

லோயிக் என்னைப் பார்த்தார். நான் பட்டாணிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மறுநாள் படகிலும் அதே கதைதான். எந்த மேகம் எங்கே போகிறது என்று கிளைவ் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஊர் முழுக்க அப்படித்தான் நடந்தது. அந்த நாலு நாளில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எங்கள் வானத்தில் தெரியாத மூலையே இல்லாமல் போயிற்று. ஒரு சொட்டு மழைதான் விழவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் நான் பாத்திரம் கழுவ, லோயிக் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெண்டி, நாங்க வந்தது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"ஐயோ, என்ன பேச்சு இது!"

"எல்லா வீட்லயும் இதேதானாம். எதக் கேட்டாலும் மழைங்கறாங்க. ஓட்டு போட்டீங்க, சரி. அது உங்க நாடு, உங்க இஷ்டம். ஆனா அவன் எங்கூடப் பேசவே மாட்டேங்கறானே. அடுத்த வருஷம் நான் வரல. பேசாதவன் வீட்ல எனக்கு என்ன வேலை?"

ஈரக் கையோடு தோட்டத்துக்குப் போனேன். கிளைவ் அவரைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அவர் இனிமே வரமாட்டாராம்" என்றேன்.

தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. "கமிட்டில முடிவு பண்ணதுதானே, வெண்டி."

"கமிட்டியா உன்கூடப் படகுல வருது?"

"விலகணும்னு போட்டவன்னு தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பானா? சொன்னா போயிடுவான்."

"சொல்லாததாலதான்யா போறார்! நோட்டீஸக் கிழிச்ச பசை இன்னும் ஜன்னல்லயே இருக்கு. அது அவர் கண்ணுல படாதா? கமிட்டியையே கட்டிக்கிட்டு அழு, போ."

இப்படி நான் அவரிடம் கத்தியதே இல்லை. என் ஓட்டு தோற்றபோதுகூட இவ்வளவு கோபம் வரவில்லை.

காலையில் சர்ச் வாசலில் பஸ் நின்றது. ஆட்ரி பேசினாள். வந்ததற்கு நன்றி சொன்னாள், காலிஃபிளவருக்கு நன்றி சொன்னாள், நல்ல வெயிலுக்கும் நன்றி சொன்னாள். எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜாம் பாட்டில் கொடுத்தோம். லோயிக் என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, கிளைவிடம் வந்து கையை மட்டும் நீட்டினார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக வெறும் கை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிளைவ் அந்தக் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

"நான் விலகணும்னுதான் போட்டேன்" என்றார் சத்தமாக.

"கிளைவ்!" என்றாள் ஆட்ரி.

"நாளைக்கே திரும்பக் கேட்டாலும் அதையேதான் போடுவேன். ஆனா அது வேற, நீ வேற. நீ வரலன்னா..." கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "நீ வரலன்னா நான் யார்கிட்ட பேசுவேன்?"

நைஜல் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரோஸ்மேரி மிச்சமிருந்த ஜாம் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மடையா" என்றார் லோயிக். "இத மொத நாள் ராத்திரியே சொல்றதுக்கென்ன?"

"கேக்கறதும் சொல்றதும் மரியாதை இல்லைன்னு..."

"மரியாதையா? ரெண்டாயிரத்து அஞ்சுல எங்க நாட்லயும் ஒரு ஓட்டு நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஒன்றியத்துக்குப் புதுசா ஒரு சாசனம் வேணுமா, வேணாமான்னு. நான் வேணாம்னு போட்டேன். எங்கண்ணன் எங்கூடப் பேசறதையே நிறுத்திட்டான். ஒரே முற்றம், எதிரெதிர் வாசல், ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஜூலைல உங்க வீட்டுக்கு வந்தேன். ஒருத்தன்கிட்டயாவது கொட்டித் தீர்க்கலாம்னு வந்தேன்டா. நீ என்ன கேட்ட தெரியுமா? தூண்டில்ல புழு மாட்டியாச்சான்னு கேட்ட."

கிளைவுக்கு அந்தக் கோடை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது. நாலு நாளும் லோயிக் சரியாகச் சாப்பிடவில்லை. உடம்புக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று நான் சூப் வைத்துக் கொடுத்தேன். என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை.

"எப்பக் கேப்ப, எப்பக் கேப்பன்னு இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்" என்றார் லோயிக்.

கப்பலுக்கு நேரமாகிறதென்று டிரைவர் ஹாரன் அடித்தார். ஒருவரும் திரும்பவில்லை.

"இப்பக் கேக்கறேன்" என்றார் கிளைவ். இன்னும் அந்தக் கையை விடவில்லை. "உங்கண்ணன் என்ன சொன்னான்?"

லோயிக் பெட்டியைக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்தார். டிரைவர் இன்னொரு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்தார்.