நான்கு குழிகள், ஐந்து ஒயர்கள்

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். மருந்துக் கடையில் பதினோரு வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுப்பவளும் இன்று வீட்டிலிருந்தே கணினியில் உரிமத் தேர்வு எழுதப் போகிறவளுமான மனைவி. பஸ் ஓட்டும் கணவன். கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அவனுடைய அக்கா. பத்து மணிக்குத் தேர்வு தொடங்கும்போது இவர்களில் ஒருத்திதான் உள்ளே இருக்கலாம். மணி ஒன்பது முப்பத்தெட்டு.

இது மூன்றாவது முறை. நான்காவது முறை என்று ஒன்று கிடையாது. இன்றும் தேறாவிட்டால், தனக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாத உரிமக்காரன் ஒருவனிடம் கையெழுத்துக்காக நின்றே அவள் காலம் போய்விடும்.

லேப்டாப் நாத்தனாருடையது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு குழிகள். தீப்பெட்டியில் பாதி அளவுள்ள கார்டுகளை அவற்றில் மாற்றி மாற்றிப் பொருத்தலாம். எந்தக் கார்டைத் தள்ளுகிறோமோ அந்த ஒயரைத்தான் அந்தக் குழி ஏற்கும். ஒயரில்லாத எதுவும் தேர்வில் கூடாது. ஒரு துளையைப் பத்தாக்குகிற டப்பாக்களும் கூடாது. அதனால்தான் இந்த லேப்டாப்.

"பாரு," என்று நாத்தனார் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "இது நெட் ஒயருக்கு. இது உன்னைப் பக்கவாட்டிலேர்ந்து காட்டற கேமராவுக்கு. இது தேர்வுக்காரங்க தபால்ல அனுப்பின சாவிக்கு, அதைச் சொருகலேன்னா கேள்வித்தாளே திறக்காது. இது மவுஸுக்கு." நான்கு முறை டக் என்றது. "முடிஞ்சது. இனிமே ஃபெயிலானா என் மெஷின் மேல பழி போடாதே."

"அக்கா," என்றான் கணவன், "சார்ஜரை எங்க சொருகறது?"

"வண்டி ஓட்டறவன் வண்டியைப் பாரு" என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

அவள் கடை மேஜையில் எந்த மெஷினும் எப்போதும் சார்ஜரோடுதான் கிடக்கும். அதை ஓர் ஒயராகவே அவள் எண்ணியதில்லை. மூச்சு விடுவதை யார் வேலையில் சேர்த்து எண்ணுகிறார்கள்?

மனைவி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும், அண்ணி?"

"ஒன்றரை மணி நேரம். அதுவும் நல்ல மனசு இருந்தா."

தேர்வு மூன்று மணி நேரம்.

"அப்ப மவுஸ் வேண்டாம். விரலாலேயே தேய்ச்சுக்கறேன்."

"தேய்க்கற இடம் செத்துப் போச்சும்மா. போன மாசம் ஒரு கஸ்டமர் காப்பியைக் கவுத்துட்டான்."

"ஊர் மெஷினையெல்லாம் சரி பண்றே, உன் மெஷினை..." என்றான் கணவன்.

"நீ பேசாதேடா!"

ஒன்பது நாற்பத்தாறு. நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு. கேமரா இடது பக்கம். வலது பக்கம் அதுல விழாது. நான் மேஜைக்கு அடியில உட்கார்ந்துக்கறேன். ஒரு மணி நேரம் கழிச்சு மவுஸ் கார்டை உருவிட்டு சார்ஜர் கார்டைத் தள்ளிடறேன். அதுக்குள்ள நீ முக்கால்வாசி முடிச்சுடுவே. ரெண்டே செகண்ட்."

தேர்வு முடியும்வரை எழுதுகிறவளின் கைகள் மேஜைக்கு மேலேயே இருக்க வேண்டும். அவளால் கார்டை மாற்ற முடியாது. அண்ணியால் முடியும். யோசிக்கக்கூடாத அளவுக்கு அதை மனைவி யோசித்தாள். பிடிபட்டால் உரிமம் போவதோடு நிற்காது, மருந்துக் கடை வாசலையே மிதிக்க முடியாது.

நாத்தனார் அதற்குள் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அவள் முழங்கால் மொடக்கென்று சத்தம் போட்டது. அறை வாசலில் நின்ற கணவனுக்கே கேட்டது.

"எழுந்திருங்க அண்ணி."

"அது ஒரு தடவைதான் சத்தம் போடும்."

"எழுந்திருங்க."

மனைவி தானே மவுஸ் கார்டை உருவினாள். சார்ஜர் கார்டைத் தள்ளினாள். ஓரத்தில் விளக்கு எரிந்தது. மாதிரிக் கேள்வியைத் திறந்து விசைகளாலேயே போய்ப் பார்த்தாள். டேப் விசையை நான்கு முறை தட்டினால் முதல் விடை, ஏழு முறை தட்டினால் நான்காவது. எட்டாவது தட்டு 'அடுத்த கேள்வி'யில் போய் உட்காரும். அங்கே அழுத்திவிட்டால் திரும்ப வர வழியில்லை. இரண்டாவது கேள்வியிலேயே ஒரு தட்டு கூடிப்போய் விடையில்லாமல் தாண்டினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். தேர்வில் நூற்றிருபது கேள்விகள்.

திரையில் ஒரு முகம் வந்தது. தேர்வுக் கண்காணிப்பாளர், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு, தூக்கம் போதாத கண்களோடு.

"அறையில வேற யாராவது இருக்காங்களா?"

கணவன் ஏற்கெனவே கூடத்துக்குப் போயிருந்தான். நாத்தனார் சுவரோரம் நின்றாள். கேமராவுக்குத் தெரியாத இடம். மனைவியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். இல்லைன்னு சொல்லிடு என்கிற மாதிரி.

"ஒருத்தங்க இருக்காங்க சார். இப்ப போயிடுவாங்க."

"போனதும் உள்பக்கம் பூட்டிட்டு வந்து உட்காருங்க."

நாத்தனார் முணுமுணுத்தாள். "நல்லதுக்குச் சொன்னா..." வாசலில் நின்று திரும்பினாள். "ஏழும்மா. எட்டு கிடையாது. அவசரப்படாதே."

"தெரியும் அண்ணி. போங்க."

அவள் நகர்ந்தாள். கூடத்திலிருந்து வந்த நெட் ஒயரை மனைவி நசுங்காமல் காலால் தள்ளிக் கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் விட்டாள். கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள்.